கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அலுவலகம்: தங்கை மகளின் கைக்காக வழக்கறிஞரைத் தேடிய அனுபவம்

இந்த மதிப்புரையில் வழக்கறிஞரின் பெயர் இருக்காது. கடைசி வரை தேடிவிட்டு யாரும் ஏமாற வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்கள் தங்களுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. “எழுதுவது உங்கள் விருப்பம் தம்பி, என் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்” என்று அவர் கேட்டுக்கொண்டார். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் மருத்துவமனையின் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் இல்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். பிரசவத்தில் குழந்தைக்கு அடிபட்டு, யாரிடம் போவது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் குடும்பங்கள் கடலூரிலும் பண்ருட்டியிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் நின்றோம். ஒரு நல்ல வழக்கறிஞர் உங்களிடம் என்ன கேட்பார், எவ்வளவு வாங்குவார், எங்கே அவரும் சறுக்குவார் என்று தெரிந்துகொண்டு படியேறினால் எங்களைப் போல் ஏழு மாதத்தை வீணாக்க மாட்டீர்கள்.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வீடு கடலூர் முதுநகர். தங்கையைப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் வளைகாப்பு முடிந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். எந்த மருத்துவமனை என்று முடிவு செய்தது நான்தான். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நல்ல இடம் என்று கூட வேலை செய்பவர் சொன்னார். ஏழாம் மாதத்திலிருந்தே தங்கைக்குச் சர்க்கரை இருந்தது. கடைசி ஸ்கேனில் குழந்தையின் எடை 3.9 கிலோ என்று போட்டிருந்தார்கள். நல்ல கொழுகொழு குழந்தை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார்கள். பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன். சரக்கு வந்திறங்கினால் எண்ணிப் பார்க்காமல் ஒரு சலானில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். விடியற்காலை நாலு மணிக்குமேல் உள்ளே ஓட்டமும் கூச்சலும் கேட்டது. தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பெண்கள் தன் வயிற்றின் மேல்பக்கம் கையை ஊன்றி அழுத்தியதாகத் தங்கை சொல்கிறாள். குழந்தை உடனே அழவில்லை. எடை 4.2 கிலோ. சாயங்காலம் துணி மாற்றும்போதுதான் அம்மா பார்த்தார்: இடது கை முஷ்டி பிடித்து ஆடுகிறது, வலது கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி துவண்டு கிடக்கிறது.

கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் தோளருகே பின்னல்போல ஒன்றுசேர்கின்றன. தோள் மாட்டிய நேரத்தில் தலையையும் கழுத்தையும் பலமாக இழுத்தால் அந்தப் பின்னல் நீண்டுபோகலாம், அறுந்தும் போகலாம். மேல் நரம்புகள் அடிபட்டால் வருவதை எர்ப்ஸ் பால்சி என்கிறார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் கையின் அசைவு தானாகவே திரும்பிவிடுகிறது. தோள் மாட்டுவதை எப்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் நரம்பு அடிபடுவது உண்டு. மருத்துவமனையிலும் “மூன்று மாதத்தில் சரியாகிவிடும்” என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நம்பி ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். “நீங்கள் பார்த்த ஆஸ்பத்திரிதானே” என்று சம்பந்தியம்மா ஒருமுறை சொன்னார். ஒரே முறைதான்.

இந்த வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு பேரிடம் போனோம். ஒருவர் புதுச்சேரியில் இடைத்தரகர்போல இருந்தார். கையிலிருந்து பைசா தர வேண்டாம், வருகிற நஷ்டஈட்டில் முப்பது சதவீதம் எழுதிக்கொடுங்கள், ஒரு கோடி வாங்கித் தருகிறோம் என்றார். தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. அவரேதான், மருத்துவமனை புதுச்சேரியில் இருப்பதால் வழக்கையும் புதுச்சேரியில்தான் போட முடியும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்தாக வேண்டும் என்று பயமுறுத்தினார். இன்னொருவர் உடனே காவல்துறையில் புகார் கொடுங்கள், டாக்டரை உள்ளே தள்ளுவோம் என்றார். அந்த வார்த்தை எங்களுக்கும் அப்போது இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு எங்களை அனுப்பியது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் மாடிப்படி. பத்தொன்பது படிகள், கைப்பிடி கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம். மேலே இரண்டு அறைகள். இரும்பு அலமாரியில் வழக்குக் கட்டுகள் வருட வாரியாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் அடுத்த வாய்தா தேதி பென்சிலில். என் தொழில்புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன். பொருளை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்கிறவர்கள் என்று தோன்றியது. வழக்கறிஞர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குமாஸ்தா ஒருவர், இளம் வழக்கறிஞர் ஒருவர். முதல் சந்திப்புக்கு 500 ரூபாய்.

கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையமர்த்திவிட்டு, குழந்தையைத் தங்கையின் மடியிலிருந்து வாங்கித் தன் மேசைமேல் உட்கார வைத்தார். சாவிக்கொத்தை வலது பக்கம் ஆட்டிக் காட்டினார். குழந்தை உடம்பையே திருப்பி இடது கையால் பிடித்தாள். “நரம்பு அறுவை செய்யும் மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டார். இல்லை. “ஏழு மாதம் ஆகிவிட்டதே. வழக்குக்கு இரண்டு வருடம் நேரம் இருக்கிறது, நரம்புக்கு அவ்வளவு நேரம் கிடையாது. முதலில் சென்னைக்குப் போய்விட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.” முழங்கை மடங்கவே இல்லையென்றால் நரம்பு அறுவையை முதல் வருடத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் செய்வது நல்லது என்று சென்னையில் மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். எட்டாம் மாதத்தில் அறுவை நடந்தது. ஒரு வழக்கறிஞரின் சேவைக்கு மதிப்புரை எழுத வந்துவிட்டு மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் எங்களுக்குச் செய்த முதல் வேலை அதுதான். அன்று அவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வக்காலத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் நாங்கள் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டோம்.

திரும்பி வந்தபோது தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டார்: “உனக்கு என்ன வேண்டும்மா?” தங்கை, “கை வேண்டும் மேடம்” என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “அது என்னால் முடியாது. கைக்கு ஆகிற செலவைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். “எனக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை” என்று சொன்ன பிறகுதான் தன் கட்டணத்தைச் சொன்னார்: 30,000 ரூபாய், மூன்று தவணை. வீட்டுக்குப் போய் யோசித்தோம். குழந்தையை மேசைமேல் உட்கார வைத்துப் பார்த்தவரை விட்டுப் போக அம்மாவுக்கு மனமில்லை. அவரையே அமர்த்தினோம். கையில் வசதி இல்லாதவர்கள் இலவச உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

அடுத்து அவர் பிடித்தது காகிதத்தை. எங்களிடம் இருந்தது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகள், முழுவதும் வேண்டும் என்றார். 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும்; நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நாங்கள் வாயால் கேட்டு நான்கு முறை “நாளைக்கு வாருங்கள்” வாங்கியிருந்தோம். அவர் தங்கையின் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுத வைத்தார். மிரட்டல் ஒரு வரி கிடையாது. பெயர், உள்நோயாளி எண், தேதிகள், விதியின் எண், அவ்வளவுதான். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போனது. பதினோராம் நாள் 38 பக்கம் வந்தது. வக்கீல் நோட்டீஸ் முதலில் போயிருந்தால் இந்த 38 பக்கம் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. இந்த வரிசையை யாரும் மாற்றாதீர்கள்: ஆவணம் முதலில், சண்டை பிறகு.

அந்த 38 பக்கத்தையும் அந்த மேசையில் உட்கார்ந்து நானே எண் போட்டேன். பிரசவ அறைக் குறிப்பு 22ஆம் பக்கம். குழந்தை பிறந்த நேரம் 4.12 என்று இருந்தது. அந்த ‘1’ மற்ற எழுத்துகளைவிடத் தடித்துக் கறுத்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அடியில் ஒரு ‘2’ வளைவு தெரிந்தது. எங்கள் ஸ்டோரில் பதிவேட்டில் ஓர் இலக்கத்தை மாற்றினால் பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேலேயே எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். ஐம்பது ரூபாய் போல்ட்டுக்கு இருக்கும் மரியாதை ஒரு குழந்தை பிறந்த நேரத்துக்கு இல்லையே என்று எனக்கு உடம்பு நடுங்கியது. அவர் என்னை அடக்கினார். “இது நகல். மூலத்தைப் பார்க்காமல் திருத்தம் என்று நாம் எழுதக் கூடாது. பிழையைக்கூடத் திருத்தியிருக்கலாம்.” பிறகு, அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து வந்த துண்டுச் சீட்டுக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்.

அம்மா சாமி அறையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். பிறந்தவுடன் குழந்தையின் காலில் கட்டியிருந்த அட்டையை அதில் முடிந்து வைத்திருந்தார். நீலப் பேனாவில் தங்கையின் பெயர், ‘பெண்’, 4.2 கிலோ, நேரம் 4.22. இன்றைக்கு அது எங்கள் வழக்கில் ஒரு சான்றாவணம். வீட்டில் கிடக்கும் எதையும் குப்பை என்று எறியாதீர்கள்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் ஆவணங்களை வேறு மாவட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்து வாங்கினார். அதற்கு 7,500 ரூபாய் தனி. எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பிரசவ வழக்கில் அது இல்லாமல் நான் உள்ளே போக மாட்டேன் என்றார். அந்த மருத்துவர் எழுதிக்கொடுத்த மூன்று பக்கத்தை அவர் எங்களுக்குத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். சிசேரியன் செய்யாததை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்க்குச் சர்க்கரை, பெரிய குழந்தை என்று தெரிந்திருந்தும் அந்த ஆபத்தைத் தாயிடம் பேசியதாக எங்கும் பதிவு இல்லை. தோள் மாட்டினால் தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்குவது, அடிவயிற்றில் மூத்திரப்பைக்கு மேலே அழுத்துவது என்று வரிசைப்படி முறைகள் இருக்கின்றன. வயிற்றின் உச்சியில் அழுத்துவது கூடாது, தோளை அது இன்னும் இறுக்கும். எந்த முறையை, யார், எந்த நேரத்தில் செய்தார்கள் என்று 22ஆம் பக்கத்தில் ஒரு வரி இல்லை. தலை வந்த நேரமும் இல்லை.

“இது நமக்குப் பலம். நம் பலவீனத்தையும் கேளுங்கள்” என்று தொடர்ந்தார். வயிற்றை அழுத்தினார்கள் என்பதற்குத் தங்கையின் வாய்வார்த்தை தவிர வேறு சாட்சி இல்லை. எதிர்பாராத அவசரம், எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்பதுதான் மருத்துவமனையின் பதிலாக இருக்கும். அந்தப் பதிலுக்கும் மதிப்பு உண்டு. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு கோடி என்று சொன்னவரிடமிருந்து வந்த எங்களுக்கு அந்த ‘பாதிக்குப் பாதி’ தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் கற்பனைக் கணக்குப் போடவில்லை.

என் கையெழுத்து விஷயத்தை அன்றுதான் கேட்டேன். இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி: நான் போட்ட கையெழுத்தால் வழக்கே போய்விடுமா? அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். “உங்கள் தங்கை அப்போது நினைவோடு இருந்தாரா?” இருந்தாள். “வயது?” இருபத்தைந்து. நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமேதான் வாங்க வேண்டும், உறவினரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். சம்மதப் படிவம் இருந்தாலும் கவனக்குறைவுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது என்றும் சொன்னார். நான் கீழே இறங்கி ஜெராக்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

எந்த வழியில் போவது என்பதற்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்கினார். காவல்துறைப் புகார்: 2005ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, மருத்துவர்மேல் குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் மிக மோசமான கவனக்குறைவு என்று காட்ட வேண்டும், தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தும் வேண்டும். எங்கள் ஆவணங்கள் அந்த அளவுக்குப் போகாது என்று நேராகச் சொன்னார். மருத்துவக் கவுன்சில்: எச்சரிக்கவோ பதிவை நிறுத்திவைக்கவோ முடியும், நஷ்டஈடு தர முடியாது. சிவில் வழக்கு: போடலாம், நீதிமன்றக் கட்டணமும் காலமும் அதிகம். மீதி இருப்பது நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் சேவைதான் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடமென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அப்போது சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் வழி.

புதுச்சேரிக்கு அலைய வேண்டும் என்ற பயத்தை ஒரே நிமிடத்தில் தீர்த்தார். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் இடத்தையோ சம்பவம் நடந்த இடத்தையோதான் பார்த்தார்கள். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருடச் சட்டத்தில், புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம் என்று 34ஆவது பிரிவு சொல்கிறது. தங்கை வீடு பண்ருட்டி, அது கடலூர் மாவட்டம். எல்லையோரத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, பிரசவத்துக்கு முள்ளோடை தாண்டிப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பதை வைத்து ஆணையம் மாறுவதில்லை, மருத்துவமனைக்கு நாம் கட்டிய தொகையை வைத்துத்தான் மாறும்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நாங்கள் கட்டியது 62,000 ரூபாய். ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். முதல் நாளே தன் நாட்குறிப்பில் 2024 ஆகஸ்ட் பக்கத்தில் எங்கள் பெயரை எழுதிச் சுற்றிக் கோடு போட்டிருந்தார். 2024 ஜனவரியிலேயே தாக்கல் செய்துவிட்டார். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் காரணம் கேட்கும் நிலைக்கே போகாதீர்கள் என்பார்.

மனுவில் முதல் புகார்தாரர் குழந்தை, தாய் மூலமாக. இரண்டாவது தாய். சேவையைப் பெற்ற குழந்தையும் நுகர்வோர், அதை அமர்த்திய பெற்றோரும் நுகர்வோர், இருவருக்கும் தனித்தனியே நஷ்டஈடு உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து இப்படிப் போட்டார். எவ்வளவு கேட்பது என்பதற்கு எங்களைத்தான் கணக்கெழுத வைத்தார்: பிசியோதெரபி வாரத்துக்கு எத்தனை நாள், பஸ் செலவு, சென்னை அறுவை, தங்கை விட்ட தையல் வேலை, இனிமேல் வரக்கூடிய அறுவைகள். 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரையைப் பரிசோதிக்காமல் விட்டதால் பார்வை போன வழக்கைச் சொன்னார். 2015இல் உச்ச நீதிமன்றம் எதிர்காலச் செலவுக்கு மட்டும் 1.38 கோடி ரூபாய் தரச் சொன்னது; விலைவாசி ஏறுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. “அந்தத் தொகையைப் பார்க்காதீர்கள், அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது தாண்டிவிட்டது, அதைப் பாருங்கள்” என்றார். நாங்கள் கேட்டிருப்பது 24 லட்சம். ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னிடம் ரசீதோ கணக்கோ இருக்கிறது.

இனி குறைகள். மனுவை ஆங்கிலத்தில் தயாரித்துத் தங்கையிடம் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். அவள் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தானே இந்தக் குடும்பம் இங்கே வந்தது என்று நான் கோபப்பட்டேன். முதல் முறை இளம் வழக்கறிஞர் வாயால் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் தமிழில் முழுதாக எழுதிக் கொடுத்தார்கள். கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை அது. மருத்துவரின் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய்த் திரும்பி வந்ததில் நாற்பது நாள் போனது. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் தொலைபேசியை எடுக்க மாட்டார். குமாஸ்தா ஜெராக்ஸுக்கும் தபாலுக்கும் நூறு, இருநூறு என்று வாங்கிக்கொண்டே இருந்தார். ரசீது கேட்டதும் வழக்கறிஞரே ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லிவிட்டார், அதன்பிறகு பிரச்சினை இல்லை. படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனையையும் கழித்தும் ஐந்துக்கு நாலரை போடுவேன்.

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். சட்டப்படி நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும். எதிர்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், மேலே 15 நாள். அந்த 45 நாளைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. எங்கள் எதிர்தரப்பு 44ஆம் நாள் தாக்கல் செய்தது. பிறகு சாட்சியத்தை எழுத்தில் தரும் நிரூபண வாக்குமூலம், மூல ஆவணத்தை வரவழைக்க மனு, மருத்துவரிடம் எழுத்தில் கேள்விகள், அவருடைய பதில்கள். மூலத்தில் 22ஆம் பக்கத்தை நானும் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதுவது சரியில்லை. ஒவ்வொரு வாய்தா முடிந்த சாயங்காலமும் என்ன நடந்தது, அடுத்து என்ன என்று இரண்டு வரியில் அந்த அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிடும். இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வீட்டில் அந்த இரண்டு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வலது கை இப்போது தோள் உயரம் வரை எழுகிறது. தலைக்குமேல் போகவில்லை. தட்டிலிருந்து இட்லியைப் பிய்க்கிறாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை வெளிப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. கை கூப்பச் சொன்னால் இடது கை போய் வலது கையை அழைத்து வருகிறது.

அடுத்த வாய்தா வாதத்துக்கு. குழந்தையை அழைத்துவந்து ஆணையத்தின் முன்னால் உட்கார வைக்கலாமா, பார்த்தால் மனம் இரங்குமே என்று மாப்பிள்ளை கேட்டார். “ஊனச் சான்றிதழும் வீடியோவும் தாக்கல் செய்திருக்கிறோம், அது போதும். அவளை நாலு பேர் முன்னால் கையைத் தூக்கச் சொல்லி நான் காட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை, பிசியோதெரபி நாள். தங்கை குழந்தையோடு அங்கே போகிறாள். நான் விடுப்புச் சொல்லிவிட்டு வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆணையத்துக்குப் போகிறேன்.